புள்ளி முறை டைம்ஷேர் உறுப்பினர் திட்டம்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

விடுமுறைக்காகப் புள்ளி முறை டைம்ஷேர் திட்டத்தில் (ரிசார்ட் வீடுகளை ஆண்டுதோறும் சில நாள்கள் பயன்படுத்தும் உரிமையை வாங்கும் திட்டம்) உறுப்பினராகச் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது சேர்க்கைத் தொகையைத்தான். ஆனால் அந்தத் திட்டம் ஒரு குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. ஒன்று, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம். மற்றொன்று, விரும்பிய தேதியில் அறை யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் முன்பதிவு விதி. சேர்க்கைத் தொகை ஒரு முறை கொடுத்தால் தீர்ந்துவிடும். இவை இரண்டும் ஒப்பந்தம் முடியும் வரை கூடவே வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் இவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பழைய டைம்ஷேர் முறையில், ஒரு குறிப்பிட்ட ரிசார்ட்டில் ஒரு குறிப்பிட்ட வாரத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாங்குவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே வாரம், பெரும்பாலும் அதே வீடு. வாரத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ள விரும்பியவர்களுக்காகப் பரிமாற்ற நிறுவனங்கள் தோன்றின. ஆர்சிஐ 1974-இலும் இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-இலும் தொடங்கப்பட்டன. புள்ளி முறையில் வாரத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு இத்தனை புள்ளிகள் என்று கணக்கில் வரவு வைப்பார்கள். அவற்றைக் கொடுத்து எந்த ரிசார்ட், எந்தத் தேதி, எத்தனை இரவு, எவ்வளவு பெரிய வீடு என்பதை உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம். இது புதிய யோசனை அன்று. சுவிட்சர்லாந்தில் 1963-இல் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் புள்ளிகள் வழங்கி வந்தது. டிஸ்னி வெக்கேஷன் கிளப் 1991-இல் புள்ளி முறையுடனேயே பிறந்தது. 1984-இல் டைம்ஷேர் தொழிலுக்கு வந்த மாரியட் விடுதி நிறுவனம் 2010-இல் புள்ளித் திட்டத்துக்கு மாறியது.

புள்ளிகள் தரும் சுதந்திரம் உண்மையானது. ஒரு வாரம் முழுவதும் தங்க முடியாதவர் மூன்று இரவு தங்கலாம்; இருவர் மட்டும் போகும் ஆண்டில் ஸ்டுடியோவும் (தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீடு), பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போகும் ஆண்டில் இரண்டு படுக்கையறை வீடும் எடுக்கலாம். ஆனால் புள்ளி என்பது பணம் அன்று. வங்கியில் கிடக்கும் தொகையைப் போல அது காத்திருக்காது, அதன் மதிப்பை நிர்ணயிப்பவரும் நாம் அல்லர். வார முறையில் வாங்கியவருக்கு அந்த வாரமாவது கையில் இருக்கும். புள்ளி வாங்கியவரிடம் இருப்பது, மற்ற எல்லா உறுப்பினர்களுடனும் போட்டியிட்டு முன்பதிவு செய்யும் உரிமை மட்டுமே. இதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் உங்கள் நாள்காட்டி

எந்த விற்பனைக் கூட்டத்துக்கும் போவதற்கு முன், கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் குடும்பம் உண்மையில் எடுத்த விடுமுறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த மாதம், எத்தனை இரவு, எத்தனை பேர், எவ்வளவு காலம் முன்னதாகத் திட்டமிட்டீர்கள் என்ற நான்கு விவரங்கள் போதும். போக விரும்பிய பயணங்களைச் சேர்க்காதீர்கள். போன பயணங்களை மட்டும் எழுதுங்கள். இந்தத் தாளில் பள்ளி விடுமுறை நாள்களே நிறைந்திருந்தால், நீங்கள் அதிகப் புள்ளிகள் செலவாகும் சீசனில், அதிகப் போட்டி உள்ள நாள்களில் பயணம் செய்பவர். பயணத்துக்கு ஒரு மாதம் முன்புதான் விடுப்பு உறுதியாகும் என்ற நிலையில் வேலை செய்பவருக்கு, எவ்வளவு நல்ல திட்டமானாலும் புள்ளி முறை பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும்.

பிறகு அந்தத் திட்டத்தின் புள்ளி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ரிசார்ட்டிலும், ஒவ்வொரு சீசனிலும், ஒவ்வொரு வகை வீட்டுக்கும் ஓர் இரவுக்கு எத்தனை புள்ளிகள் என்று அதில் இருக்கும். வார இறுதி இரவுகளுக்குப் பல திட்டங்களில் கூடுதல் புள்ளிகள் வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்கு ஆண்டுக்கு 200 புள்ளிகள். சீசனில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வார நாள் இரவு 30 புள்ளிகள், வார இறுதி இரவு 40 புள்ளிகள் என்றால், ஐந்து வார நாள்களும் இரண்டு வார இறுதி நாள்களும் சேர்ந்த ஏழு இரவுகளுக்கு 230 புள்ளிகள் ஆகின்றன. ஒரு வாரம்கூடத் தேறாது, ஆறு இரவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டம் குறைந்த காலத்தில் ஸ்டுடியோவுக்கு 12, 15 என்று இருந்தால், ஒரு வாரத்துக்கு 90 புள்ளிகள்தான். அதே 200 புள்ளிகளில் இரண்டு வாரம் தங்கிய பிறகும் 20 மிஞ்சும். விற்பனைக் கூட்டத்தில் காட்டப்படும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். நீங்கள் எழுதி வைத்த தாளில் உள்ள பயணங்களை அட்டவணையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான புள்ளிகள் எத்தனை என்பது அப்போதுதான் தெரியும்.

மொத்தச் செலவைக் கணக்கிடும் முறை

சேர்க்கைத் தொகை 10 இலட்சம், முதல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். கட்டணம் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். இருபது ஆண்டுகளில் நீங்கள் கட்டியிருக்கும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் சுமார் 14.7 இலட்சம், அதாவது சேர்க்கைத் தொகையைவிட அதிகம். இரண்டையும் சேர்த்தால் 24.7 இலட்சம், சராசரியாக ஆண்டுக்கு 1,23,600. மேலே சொன்ன 200 புள்ளிகளைச் சீசனில் ஆறு இரவுகளுக்குச் செலவிட்டால் ஓர் இரவு 20,600 ஆகிறது. கூட்டம் குறைந்த காலத்தில் பதினான்கு இரவுகளுக்குச் செலவிட்டால் ஏறத்தாழ 8,800 ஆகிறது. இப்போது அதே ரிசார்ட்டில், அதே தேதிகளில், உறுப்பினர் அல்லாத ஒருவர் அறை எடுத்தால் என்ன வாடகை என்று தேடிப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

தவணையில் வாங்கினால் கணக்கு இன்னும் மாறும். 2 இலட்சம் முன்பணம் கொடுத்து, மீதி 8 இலட்சத்தை 15 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பவர் மாதம் ஏறக்குறைய 15,400 கட்டுவார்; வட்டி மட்டும் 5 இலட்சத்தை நெருங்கும். விடுமுறைக்காகக் கடன் வாங்குவதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் விற்பவரே தரும் கடனை, வேறு இடத்து வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்கவே கூடாது.

விடுதி வாடகையும் ஆண்டுதோறும் உயரும்தானே என்று விற்பனையாளர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் வாடகை கட்டுப்படியாகாத ஆண்டில் நாம் பயணத்தைத் தள்ளிப்போடலாம். பராமரிப்புக் கட்டணத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. வேலை போனாலும், உடல்நலம் குன்றினாலும், ஓர் இரவுகூடத் தங்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் முன்பதிவு உரிமை முடக்கப்படும், அபராத வட்டி சேரும், பாக்கி வசூல் நிறுவனத்திடம் போகும். இதற்கு மேல், கூரை பழுது, புயல் சேதம் போன்ற பெரிய செலவுகளுக்காக உறுப்பினர்களிடம் தனி வசூல் செய்யும் அதிகாரமும் பல ஒப்பந்தங்களில் உண்டு. ஆகவே கடந்த ஐந்து, பத்து ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணப் பட்டியலையும், பழுதுபார்ப்புக்கென ஒதுக்கி வைத்துள்ள நிதியின் நிலையையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றால் அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

இலவசத் தங்கல், பரிசுக் கூப்பன், விருந்து என்று அழைத்து நடத்தப்படும் கூட்டங்கள் சொன்ன நேரத்தைவிட நீளும். ‘இன்று மட்டும் இந்த விலை’ என்பார்கள்; முதல் விற்பனையாளரிடம் மறுத்துவிட்டால், மேலாளர் என்று வேறொருவர் வந்து குறைந்த விலை சொல்வார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது, வந்ததற்காகவும் அவர்கள் உபசரித்ததற்காகவும் ஏதோ கடன்பட்டது போன்ற உணர்வு எழும். அந்த உணர்வோடு கையெழுத்திட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் விவரமறியாதவர்கள் அல்லர். கணவனும் மனைவியும் போவதற்கு முன்பே ‘இன்று கையெழுத்து இல்லை’ என்று பேசி வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த பிறகு சொல்கிறோம் என்று மட்டும் கூறுவது நல்லது. நாளைக்கு இல்லாத சலுகை பெரும்பாலும் நாளைக்கும் இருக்கும்.

நகல் கையில் கிடைத்ததும் சில இடங்களை நிறுத்திப் படிக்க வேண்டும். நீங்கள் வாங்குவது பத்திரப் பதிவுடன் கூடிய சொத்துரிமையா, குறிப்பிட்ட ஆண்டுகள் வரையிலான பயன்பாட்டு உரிமையா என்பது முதலாவது. டிஸ்னியின் தொடக்ககால ரிசார்ட்டுகள் பலவற்றின் உரிமை 2042-இல் முடிந்துவிடும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முடிவுத் தேதி இருப்பது குறை என்று சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது ஒரு பாதுகாப்பு. முடிவே இல்லாத ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணத்துக்கும் முடிவு இல்லை, அது வாரிசுகள் வரை போகக்கூடும்.

அடுத்தது, புள்ளி அட்டவணையை மாற்றும் அதிகாரம் யாரிடம், எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது. சில திட்டங்களில் ஒரு சீசனில் புள்ளிகளைக் கூட்டினால் வேறொரு சீசனில் குறைத்தாக வேண்டும், ஒரு ரிசார்ட்டின் மொத்தப் புள்ளிகள் மாறக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அத்தகைய கட்டுப்பாடு இல்லாத திட்டத்தில், இன்று ஒரு வாரத்துக்குப் போதுமான புள்ளிகள் சில ஆண்டுகளில் ஐந்து இரவுக்குத்தான் வரும் என்ற நிலை ஏற்படலாம். அதன் பின் ‘கூடுதல் புள்ளிகள் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற அழைப்பு வரும். பராமரிப்புக் கட்டண உயர்வுக்கு உச்ச வரம்பு உண்டா, விற்கவோ வாரிசுக்கு மாற்றவோ என்ன நிபந்தனை, நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழி உண்டா என்பவற்றையும் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொன்ன எதுவும் காகிதத்தில் இல்லையென்றால், அது இல்லை என்றே கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதிகள் செல்லா என்ற வரி ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கும்.

கையெழுத்திட்டபின் மனம் மாறினால்

பல நாடுகளில் டைம்ஷேர் ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய ஒரு குறுகிய கால அவகாசத்தைச் சட்டம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அது 14 நாள். அந்த அவகாசம் முடியும்வரை வாங்குபவரிடம் முன்பணம் பெறுவதற்கே தடை இருக்கிறது. ரத்து செய்யும் உரிமை பற்றிய படிவத்தைத் தராமல் விட்டால் அவகாசம் ஓராண்டும் 14 நாளுமாக நீளும். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது: புளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7 நாள், நெவாடாவில் 5 நாள். எல்லா இடங்களிலும் இந்த உரிமை இருப்பதாக எண்ணிவிடாமல், எந்த இடத்துச் சட்டம் உங்கள் ஒப்பந்தத்தை ஆள்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ரத்து செய்வது என்று முடிவெடுத்தால் தொலைபேசியில் சொல்வது போதாது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள முகவரிக்கு, அதில் சொல்லியுள்ள முறையில், ஒப்பந்த எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, ‘இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், செலுத்திய தொகையைத் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் பெயருள்ள அனைவரும் கையொப்பமிட வேண்டும். விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்து, ‘ஒரு வாரம் பொறுங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்றால் பொறுக்காதீர்கள். கடந்து போகும் அந்த வாரத்தில் உங்கள் உரிமை காலாவதியாகிவிடும்.

மறுவிற்பனையில் வாங்குவது

விலகிப்போக நினைக்கும் உறுப்பினரிடமிருந்து வாங்கினால் சேர்க்கைத் தொகை நிறுவனத்தின் விலையைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கலாம். புதிதாக வாங்கும் விலையில் விற்பனைக் கூட்டங்களுக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவு அடங்கியிருப்பதும், விற்க நினைப்பவர்கள் வாங்க நினைப்பவர்களைவிட அதிகமாக இருப்பதுமே காரணம். டைம்ஷேரை முதலீடு என்று யாரேனும் சொன்னால் இந்த விலை வேறுபாட்டைக் காட்டுங்கள். ஆனால் மறுவிற்பனையில் வரும் புள்ளிகளுக்கு எல்லா உரிமைகளும் கூட வருவதில்லை. சில ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமையோ, விமானம், கப்பல் பயணங்களுக்குப் புள்ளிகளை மாற்றும் வசதியோ விலக்கப்பட்டிருக்கலாம். விற்பவருக்குப் பராமரிப்புக் கட்டண பாக்கி உண்டா, இந்த ஆண்டுப் புள்ளிகளை ஏற்கெனவே செலவழித்துவிட்டாரா என்பதை நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் உறுதி செய்துகொண்டு, பெயர் மாற்றம் முடியும்வரை பணத்தை இரு தரப்பையும் சேராத மூன்றாமவர் பொறுப்பில் உள்ள நடுநிலையான இடைக் கணக்கில் வைத்திருக்கச் செய்யுங்கள்.

உறுப்பினரான பிறகு

உறுப்பினர் அட்டை வந்த அன்றே நாள்காட்டியில் மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள்: முன்பதிவு திறக்கும் நாள், பராமரிப்புக் கட்டணக் கடைசி நாள், புள்ளிகளை அடுத்த ஆண்டுக்கு மாற்றும் கடைசி நாள். மூன்றாவதில்தான் பலர் இழக்கிறார்கள். நானும் முதல் ஆண்டில் அது உறுப்பினர் ஆண்டின் (புள்ளிகள் வரவாகும் நாளிலிருந்து தொடங்கும் ஓராண்டு) கடைசி நாள் என்று எண்ணியிருந்தேன். அது நான்கு மாதம் முன்பே கடந்துவிட்டது என்பது தெரிந்தபோது, மிச்சமிருந்த புள்ளிகளைப் பயன்படுத்த ஏற்ற தேதியும் கிடைக்கவில்லை, அவை அப்படியே காலாவதியாயின. கட்டணம் கட்டிய புள்ளிகள் என்பதால் அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது. டிஸ்னி திட்டத்திலும் உறுப்பினர் ஆண்டின் முதல் எட்டு மாதங்களுக்குள் மாற்றினால்தான் உண்டு. அப்படி மாற்றிய புள்ளிகளை மறுபடியும் தள்ளிப்போட முடியாது.

முன்பதிவு பெரும்பாலும் இரண்டு கட்டமாகத் திறக்கும். நீங்கள் வாங்கிய ரிசார்ட்டில் முன்னதாகவும், மற்றவற்றில் பின்னதாகவும் பதிவு செய்யலாம். டிஸ்னியில் இது தங்கும் தேதிக்கு 11 மாதம் முன்பு, 7 மாதம் முன்பு. இதிலிருந்து கிடைக்கும் பாடம் வாங்கும்போதே பயன்பட வேண்டும்: நீங்கள் மீண்டும் மீண்டும் போக விரும்பும் ரிசார்ட்டையே சொந்த ரிசார்ட்டாக வாங்குங்கள், புள்ளி விலை குறைவு என்பதற்காக வேறொன்றை வாங்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பள்ளி விடுமுறை நாள்களுக்குப் பதிவு திறக்கும் முதல் நாள் காலையிலேயே முயல வேண்டும். கிடைக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, அபராதமின்றி ரத்து செய்யும் கடைசி நாளை ஒட்டிய நாள்களில் மறுபடியும் பாருங்கள். பலர் விலகுவது அப்போதுதான். வார இறுதியைத் தவிர்த்து ஞாயிறு மாலை புகுந்து வெள்ளி காலை கிளம்பும் தங்கலுக்குப் புள்ளிகளும் குறைவு, இடமும் எளிதில் கிடைக்கும்.

அடுத்த ஆண்டுப் புள்ளிகளை முன்கூட்டியே கடனாக எடுக்கும் வசதி பெரிய குடும்பப் பயணத்துக்கு உதவும். ஆனால் பயணம் ரத்தானால் கடனாக எடுத்தவை பல திட்டங்களில் அடுத்த ஆண்டுக்குத் திரும்பிப் போகா. ஆகவே தேதி உறுதியான பயணத்துக்கு மட்டும் கடன் எடுங்கள். கடைசி நேர ரத்துகளில் புள்ளிகள் முழுவதும் போகலாம், அல்லது குறுகிய காலத்துக்குள் செலவிட வேண்டிய தனிக் கணக்குக்குப் போகலாம். அந்த நாள் வரம்புகளைப் பதிவு செய்யும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பரிமாற்ற நிறுவனத்தின் மூலம் வேறு நாட்டு ரிசார்ட்டுக்குப் போவதற்குத் தனி உறுப்பினர் கட்டணமும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்டணமும் உண்டு. புள்ளிகளை விமான டிக்கெட்டுக்கோ விடுதி அறைக்கோ மாற்றும்போது பெரும்பாலும் மதிப்பு சரிந்துவிடும். மாற்றும் முன், அந்தப் புள்ளிகளுக்காக இந்த ஆண்டு கட்டிய பராமரிப்புக் கட்டணத்தைக் கணக்கிட்டு, கிடைக்கும் டிக்கெட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். ரிசார்ட்டில் தங்கியிருக்கும்போது ‘உறுப்பினர் விளக்கக் கூட்டம்’ என்று அழைத்தால், அது பெரும்பாலும் கூடுதல் புள்ளிகளை விற்கும் கூட்டம் என்பதை நினைவில் வையுங்கள். விடுமுறை நாளில் அதற்கு மறுப்புச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விலக வேண்டிய நாள் வந்தால்

முதலில் நிறுவனத்திடமே கேளுங்கள். கடன் பாக்கியும் கட்டண பாக்கியும் இல்லாத உறுப்பினரிடமிருந்து உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சில நிறுவனங்களில் இருக்கிறது. கேட்காதவரிடம் அதை அவர்கள் சொல்வதில்லை. அது இல்லையென்றால் மறுவிற்பனை, அதுவும் இயலாவிட்டால் உறவினர் யாருக்காவது, எல்லாக் கட்டணங்களையும் தெளிவாகச் சொல்லிய பின், பெயர் மாற்றிக் கொடுக்கலாம். ‘உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் தயாராக இருக்கிறார், பதிவுக் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள்’ என்று தாமாகவே அழைப்பவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். விலக வழியில்லாமல் தவிப்பவர்களையே குறிவைக்கும் மோசடி இது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. விற்பனை முடிந்த பிறகு தரகு பெறுபவரிடம் மட்டும் பொறுப்பைக் கொடுங்கள். அதுவரை பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். பாக்கி உள்ள உரிமையை நிறுவனமும் திரும்பப் பெறாது, வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள்.